கேட்டுக்கு வெளியே கோழிகள்

தம்பி,

நேற்று நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். இரண்டு தடவையும் "அப்பா சாப்பிட்டாச்சு, படுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். சாரல் காலத்தில் தென்காசியில் சிக்னல் போவதும் வருவதும் வழக்கம் என்பதால் நீ அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டாய். ஆனால் நேற்று சிக்னல் நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் உன்னோடு பேச வாய் வரவில்லை. தையில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உனக்கு நிதானமாக ஒரு கடிதம் எழுத வேண்டும், ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் வாழ்வது பற்றி எனக்குத் தோன்றும் இரண்டொரு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இது அந்தக் கடிதம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்ததற்குப் பிறகு அந்தக் கடிதத்தை என்னால் எழுத முடியவில்லை. நகராட்சிக்கு நம் வீட்டுக் கோழிகளைப் பற்றிப் புகார் அனுப்பியது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுவதென்றால் போனிலேயே முடித்திருப்பேன். புனேயில் இருந்துகொண்டு நீ எதைப் பார்த்தாய் என்று எனக்கு இப்போது ஓரளவு புரிகிறது. எதைப் பார்க்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. அதில் என் பங்கும் இருக்கிறது. எனவே நடந்ததை நடந்தபடியே சொல்லிக்கொண்டு போகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஐப்பசியில் நீ லீவு போட்டு வந்திருந்துவிட்டுத் திரும்பிப் போகிற அன்றைக்குப் பின்வாசல் சுவரில் ஒரு கேமராவை மாட்டினாய். "படம் மட்டுந்தாம்மா, சத்தம் வராது. நீங்க ரெண்டு பேரும் பேசுறத நான் ஒட்டுக்கேக்க மாட்டேன்" என்று சிரித்தாய். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அப்போது ஒட்டுக்கேட்பதற்கு வீட்டில் பேச்சே இல்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி கத்திப் பழகிய குரல் அப்பாவுடையது. பிறகு வங்கி வாசலில் காவலுக்கு நின்ற வருஷங்களிலும் அது தணியவில்லை. மூளையில் ஒரு பக்கம் ரத்தம் போகாமல் நின்றதும் வலது கையோடு சேர்த்து அந்தக் குரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பதும் அவருக்குள் இருக்கும். வார்த்தைதான் வராது. திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பசு, சாவி, டம்ளர் என்று படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தனுப்பினாள். அப்பா அவற்றை இடது கையால் ஒவ்வொன்றாக மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மாசி வரைக்கும் இப்படித்தான் போயிற்று.

மாசியில்தான் எதிர்வீட்டுச் சண்முகத்தாய் அக்கா ஒரு செங்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவளை உனக்குத் தெரியும், வீட்டுக்காரர் போலீஸில் இருந்து இறந்துபோனவர், தனியாக இருக்கிறாள், எல்லாரோடும் ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கிறாள். "டீச்சர், இத வாரத்துக்குப் பிடிங்க. எங்க வீட்டுல அடைக்க எடமில்ல" என்றாள். வாரம் என்றால் பங்குக்கு வளர்ப்பது. கோழி அவளுடையது, தீனியும் காவலும் நம்முடையது, குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி. நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். இப்படி ஓர் ஒப்பந்தம் என் எதிர்வீட்டில் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கோழி வளர்க்கவும் தெரியாது என்று சொன்னேன். "உங்களுக்கு என்னத்துக்குத் தெரியணும்? அண்ணாச்சி பாத்துக்கிடுவாரு. அவருக்கும் ஒரு சோலி வேண்டாமா" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் கோழியின் காலை அவிழ்த்துப் பின்வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். காலையில் நான் தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் "பா... பா... பா..." என்று ஓர் ஆண்குரல். பால்காரரோ என்று நினைத்தேன். பிறகு, "ஏட்டி". கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஏட்டி, இங்கன வா". கரண்டியோடு ஓடிப்போய் வாசல்படியில் நின்றேன். அப்பா இடது கையில் குருணை வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். கோழி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு மண்ணைக் கிளறுகிறது. மாதக்கணக்காக ஒரு சொல் வராத வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. அதைக் கேட்டவர்கள் நானும் ஒரு கோழியும்தான். கோழிக்கு அதில் அக்கறை இல்லை. தோசை கருகிப் புகை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவர் ஒரு நாளும் ஏட்டி என்று உரிமையாகக் கூப்பிட்டதில்லை. திரும்பி வந்த முதல் பேச்சு கோழிக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அன்றைக்கு ராத்திரி உன்னிடம் நான் சொன்னது என்ன என்று ஞாபகப்படுத்திப் பார். "அப்பாக்கு லேசா பேச்சு வருது. பயிற்சி பலன் குடுக்குது" என்றேன். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு, எதையும் சட்டென்று நம்ப மாட்டேன் என்று. கோழியால் பேச்சு வந்தது என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பேன். பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பழக்கத்தில் ஊறிய சொற்கள் முதலில் திரும்பும், அவரை யார் பேசவைத்தாலும் சரி, அதை விடாதீர்கள் என்றாள். அந்த அளவுக்கு எனக்கும் ஏற்றுக்கொள்ள முடிந்தது. ஆனாலும் உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

கோழி அடைகாத்து, குஞ்சு பொரித்து, பங்குனி வெயிலில் பின்வாசல் முழுக்கக் குஞ்சுகளாக இருந்தன. அப்பா அவற்றை எண்ணுவார். எண்ணும்போது சத்தமாக எண்ணுவார். குஞ்சுகளைத் திட்டுவார், பூனையைத் திட்டுவார், மதில்மேல் வந்து உட்காரும் காக்காயை ஹிந்தியில் திட்டுவார். பிறகு மெதுவாக மனிதர்களுக்கும் கொஞ்சம் வர ஆரம்பித்தது. பால்காரரிடம் "தண்ணி கூட" என்றார். என்னிடம் "காப்பி" என்றார், அதற்கு அடுத்த வாரம் "சீனி போடு" என்றார். வீட்டுக்குள் வந்தால் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். பின்வாசலில்தான் தாராளமாக வரும். நீ தினமும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாய். ஒரு வயசான மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கையால் எதையோ வீசிக்கொண்டு தடுமாறித் தடுமாறி நடக்கிறார். உன் போனில் தெரிந்தது அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் சண்முகத்தாய் அக்காவுக்கும் எனக்கும் சண்டை வந்தது. குஞ்சுகளைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவள் தன் பங்கைத் தேர்ந்தெடுத்து இறக்கையில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு நாள் பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டது. சிவப்புப் பொட்டுக் குஞ்சு. பொட்டு வைத்த உடனே அது உங்கள் சொத்து, நஷ்டமும் உங்களுடையது என்றேன் நான். "வளக்க விட்ட எடத்துல போனா வளக்கவங்கதான் பொறுப்பு. பருந்து என்ன, பொட்டப் பாத்தா தூக்குச்சு?" என்றாள் அவள். படித்தவள் நான் என்பதால் விட்டுக்கொடுத்திருக்கலாம். படித்தவள் என்பதால்தான் விட்டுக்கொடுக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. அப்பா மட்டும் வழக்கம்போல முன்வாசல் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அவளிடம் "குஞ்சு நல்லாருக்கு" என்பார்.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்தால் நம் வீட்டுப் பின்வாசல் சிமெண்டில் பாசி பிடித்துவிடும் என்று உனக்குத் தெரியும். துவைக்கிற கல்லுக்கு அடியில் போன ஒரு குஞ்சைப் பிடிக்கப் போய் அப்பா வழுக்கி விழுந்தார். நான் ஓடிப்போவதற்குள் அவரே சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. என்னைப் பார்த்து "விழுந்துட்டேன்" என்றார். மூன்று அசையும் சுத்தமாக, தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் சிராய்ப்புக்கு மருந்து போடக்கூட எனக்கு நேரமாயிற்று. அன்று ராத்திரி நீ கூப்பிட்டு "எல்லாரும் நல்லாருக்கீங்களாம்மா?" என்று கேட்டாய். "நல்லாருக்கோம்" என்றேன். சுவரில் கேமரா இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது; அவர் விழுந்ததை நீ அதில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் மறைக்கிறேன் என்று தெரிந்துகொண்டே நீ போனை வைத்திருக்கிறாய். நான் உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று மறைத்தேன். நீ என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று மறைத்திருப்பாய்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒருவர் மழைக்கோட்டோடு வந்து நின்றார். கோழிகளால் சுகாதாரக் கேடு என்று ஆன்லைனில் புகார் வந்திருப்பதாகச் சொன்னார். பின்வாசலுக்குப் போய்க் கூண்டைக் குனிந்து பார்த்தார். "சுத்தமாத்தான் வச்சிருக்கிய. ஆனா கம்ப்ளைண்டுன்னு வந்துட்டா நான் என்ன செய்ய? உங்க நகர் சங்கத்து விதியிலயே கோழி கூடாதுன்னு இருக்காம்லா" என்றார். இருந்தது. மனைப்பிரிவு போட்ட காலத்தில் அச்சடித்த விதிகளில் ஆடு, மாடு, கோழி வளர்க்கக் கூடாது என்று ஒரு வரி. அப்போது அதற்கும் சேர்த்து நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தோம். "சங்கம் அத மாத்தி எழுதிக் குடுத்துட்டா நானும் முடிச்சு வச்சிருவேன். இல்லன்னா எடுத்துருங்கம்மா" என்றார். யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாது என்றார். அவர் போன பிறகு அப்பாவைப் பார்த்தேன். அவர் கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கோழி போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டேன்.

அதனால் நான் செய்ததைக் கேள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்து வருகிறவள், கையெழுத்து வாங்க வருகிறவர்களைக் கண்டால் கதவைச் சாத்துகிறவள், ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். சேவல் கிடையாது, வீட்டுக்கு நாலைந்து கோழிக்கு மேல் கூடாது, சாயங்காலம் கூண்டில் அடைத்துவிட வேண்டும், எச்சத்தை அன்றன்று அள்ளிச் செடிக்குப் போட வேண்டும் என்று நானே நிபந்தனைகளைச் சொல்லி, விதியை மாற்ற ஆதரவு கேட்டேன். "கோழி வந்தா பாம்பு வரும் டீச்சர்" என்றார் ஒருவர். "பறவைக் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்லுறது" என்றார் இன்னொருவர். ஒரு வீட்டில், முட்டை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு உடனே ஒப்புக்கொண்டார்கள். அப்பாவின் பேச்சைப் பற்றி மட்டும் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. அதைச் சொல்லி இரக்கம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. சங்கச் செயலாளர் பரமசிவன் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற பொறியாளர், என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "விதின்னு ஒண்ணு இருக்குல்லா டீச்சர். ஓட்டுக்கு விட்டுருவோம். என்னயக் கேக்காதிய" என்றார். என்ன மனிதர் இவர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் உன் ரகசியத்தைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார்.

எல்லா வீட்டுக்கும் போன நான் ஒரே ஒரு வீட்டுக்குப் போகவில்லை. பருந்து தூக்கிய குஞ்சுக்காகப் பழிவாங்கப் புகார் கொடுத்தவள் சண்முகத்தாய் அக்காதான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். கோழியே அவளுடையது, அதில் பாதி அவளுக்கும் நஷ்டம் என்பது எனக்கு உறைக்கவில்லை. கோபம் வந்தால் ஒரு கூட்டல் கழித்தல்கூடத் தெரியாமல் போகிறது.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கப் பின்வாசலில் கோழிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினார். "கோழி இருந்துட்டுப் போட்டும்." முதலில் "கோழி" மட்டும் வந்தது. பிறகு "இருந்து" வரைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் முழுசாக வந்தது. என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லிக் காட்டினார். ஊர் முன்னால் எழுந்து நின்று அந்த ஒரு வாக்கியத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நானே பட்டன் போட்டுவிட்டேன்.

பூங்காவுக்கென்று விட்டிருக்கிற இடத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில் கூட்டம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. விதியை மாற்றக் கூடாது என்று இரண்டு பேர் பேசினார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்ல எழுந்தது யார் என்று நினைக்கிறாய்? சண்முகத்தாய் அக்கா. "ஞாயித்துக்கெழம ஆனா செங்கோட்டப் பக்கம் பரோட்டாக் கடையில கோழி திங்க வரிசையில நிக்கியளே அண்ணாச்சி. நம்ம தெருவுக்குள்ள கோழி வரணும்னா செத்துத்தான் வரணுமா?" கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்லவள் போல நடிக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுந்து, "புகாரை அனுப்பிவிட்டு ஆதரவாகப் பேசுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்" என்று அவளைப் பார்த்தே சொன்னேன். சிரிப்பு நின்றது.

"என்னயவா சொல்லுதிய?" என்றாள் அவள். "எல்லா வீட்டுக்கும் போனியளாம், எங்க வீட்டு கேட் மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியலையேன்னு நெனச்சேன். இதானா சங்கதி? ஏன் டீச்சர், நானே கோழியக் குடுத்துட்டு நானே கம்ப்ளைண்டும் குடுப்பேனா? எனக்கென்ன கிறுக்கா?" அவள் குரல் உடைந்துவிட்டது. அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. பரமசிவன் அண்ணாச்சி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். பிறகு, "டீச்சர், உக்காருங்க. அவங்க இல்ல. உங்க மவன்தான். மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணுனான். அப்பா வழுக்கி விழுதாரு, அம்மா சொன்னா கேக்க மாட்டா, நீங்க விதியச் சொல்லி நிப்பாட்டுங்கன்னான். எழுத்துல வராம நான் எதுவும் செய்ய முடியாது தம்பின்னேன். பெறகுதான் அவன் ஆன்லைன்ல அனுப்பிருக்கான். வெளிய சொல்லாதீங்க மாமான்னு சத்தியம் வாங்கிட்டான். ஒரு பாவமும் அறியாத பொம்பளயச் சொல்லும்போது நான் எப்படி வாய மூடிட்டு இருக்க?" என்றார்.

தகரத்தில் தூறல் விழுகிற சத்தம்கூட நின்றுவிட்டது போல இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார், எனக்கு முன்கூட்டியே தெரியுமோ என்று கேட்பது போல. நான் இல்லையென்று தலையசைத்தேன். ஓட்டுக்கு விட்டார்கள். வீட்டுக்கு ஒரு கை. கோழி வளர்க்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் நான் கையைத் தூக்கப் போனேன். அப்பாவின் இடது கை வந்து என் கையை மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு பலம் அந்தக் கைக்கு என்று நீ நம்ப மாட்டாய். வேண்டாம் என்பவர்கள் தூக்குங்கள் என்றபோது என் கையை விட்டுவிட்டுத் தன் இடது கையைத் தூக்கினார். பழகிக்கொண்டு வந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. கோழிக்கு எதிராகக் கையைத் தூக்கிக்கொண்டு, அணிவகுப்பில் நிற்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கோழிகள் ஜெயித்துவிட்டன, தம்பி. அவமானப்பட்ட சண்முகத்தாய் அக்கா உட்பட முக்கால்வாசிப் பேர் சம்மதித்தார்கள். இனிமேல் நம் நகரில் யார் வேண்டுமானாலும் கோழி வளர்க்கலாம். நம் வீட்டில்தான் இல்லை. வேண்டாம் என்று ஊர் முன்னால் கை தூக்கிவிட்டு வீட்டில் வைத்துக்கொள்கிற மனிதர் இல்லை உன் அப்பா. அன்று சாயங்காலமே ஒவ்வொன்றாகப் பிடித்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டார். நான் உதவிக்குப் போனபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நீ ஆறாம் வகுப்புக்குப் போகும்போது உன்னை ராணுவப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். உனக்கு இஷ்டமில்லை. அதை நீ அவரிடம் சொல்லவில்லை. உன் வகுப்பு ஆசிரியையிடம் போய்ச் சொல்லி, அவர் மூலமாகச் சொல்லவைத்தாய். அப்பா அந்த அம்மாவிடம் "அவன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நீ சொன்னது பொய்யாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. நான் அப்போது உன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துச் சிரித்தேன். இப்போதும் அதுதான் நடந்தது. மகன் ஒன்றைச் சொல்லிவிட்டான், அது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது. அவன் சொல் தோற்கும்போது அப்பன் கை எதிர்ப்பக்கம் இருக்கக் கூடாது. இதை அவரால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் சொல்ல மாட்டார்.

உனக்குக் கல்யாணக் கடிதத்தில் எழுத நினைத்த பலவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன். வீட்டுக்குள் இருக்கிற ஒருவரிடம் சொல்ல வேண்டியதை வெளியில் இருக்கிற ஒருவரை வைத்துச் சொல்லாதே. ஆசிரியையை வைத்தும் வேண்டாம், நகராட்சியை வைத்தும் வேண்டாம். நாளைக்கு அந்தப் பெண்ணிடம் உனக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் என்னை வைத்தும் சொல்லாதே. முகத்தைப் பார்த்துச் சொன்னால் சண்டை வரும். வரட்டும். நானும் சண்முகத்தாய் அக்காவிடம் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீ "கோழி வேண்டாம்மா, அப்பா விழுறாரு" என்று கேட்டிருந்தால் நானும் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ பயந்தது தப்பில்லை. அந்தப் பாசியில் அவர் மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான். சிமெண்டைச் சுரண்டிக் கழுவிச் சாக்கு விரித்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று நீ சொல்.

திங்கட்கிழமை சண்முகத்தாய் அக்கா வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சிருங்க அக்கா" என்றேன். அது எனக்குச் சுலபமாக வருகிற வார்த்தை இல்லை. "அது கெடக்கட்டும். பருந்து தூக்குன குஞ்சுக்கு இன்னும் பதில் சொல்லலையே நீங்க" என்றாள். பிறகு காப்பி கொடுத்தாள். கிளம்பும்போது, "டீச்சர், நான் வாரத்துக்குத்தான் குடுத்தேன். திருப்பி வாங்கிக்கிட்டா பங்கு முடிஞ்சதுன்னு அர்த்தம். நான் முடிக்கல. அண்ணாச்சி கொண்டுவந்து விட்டாரு, கோழிக எங்க வீட்டுல விருந்தாளியா நிக்கி. உங்க மவன வரச் சொல்லுங்க" என்றாள்.

இன்றோடு நாலு நாள் ஆகிறது. அப்பா பேசவில்லை. பால்காரரிடம் பேசவில்லை, காக்காயைத் திட்டவில்லை. காப்பி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டிக் காட்டுகிறார். பயிற்சி கொடுக்கிற பெண் போனில், விடாமல் பேசவையுங்கள், விட்டால் போய்விடும் என்கிறாள். கோழிகளுக்கு ஓட்டு, தீர்மானம் எதுவும் தெரியாது. காலையில் எதிர்வீட்டில் திறந்துவிட்டதும் வரிசையாகத் தெருவைத் தாண்டி வந்து நம் கேட்டுக்கு வெளியே நிற்கின்றன. அப்பா கையில் குருணையோடு கேட்டுக்கு உள்ளே நிற்கிறார். இன்று காலையில் அவர் வாய் "பா" என்று குவிந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். உடனே மூடிக்கொண்டார். குருணையைக் கொண்டுபோய்த் திரும்பப் பானையில் போட்டுவிட்டார்.

இது கேமராவில் தெரியாது. அது பின்வாசலைத்தான் பார்க்கிறது, அங்கே இப்போது யாரும் வருவதில்லை. நான் சொன்னாலும் அவர் கேட்டைத் திறக்க மாட்டார், ஊர்த் தீர்மானத்தைக் காட்டினாலும் திறக்க மாட்டார். போனில் சொல்லாதே. பரமசிவன் அண்ணாச்சியிடம் சொல்லி அனுப்பாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால், எவ்வளவு தாமதமானாலும் சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவை வந்து நிற்கும்போது நீ அவர் பக்கத்தில் நில். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரப்போவதில்லை. உன் வாயால் சொல்லிவிட்டு, உன் கையால் கேட்டைத் திற. பிறகு பேசாமல் நின்று, அவர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேள். அந்தக் குரலை நீ இன்னும் கேட்கவில்லை.

அம்மா